லைன்மேனைக் காப்பாற்றிய கதை

ஒரு தொழிலில் கெட்டிக்காரனாக இருப்பவனால் இன்னொரு தொழிலுக்கு ஆபத்து. நான் மகா கெட்டிக்காரன். படித்தது ஐந்தாவது, ஆனால் தொண்ணூறுகளில் தாம்பரத்திலிருந்து பொழிச்சலூர் வரை எந்த மோட்டார் எரிந்தாலும் காயில் கட்ட என்னிடம்தான் வரவேண்டும். (இது பெருமையில்லை, நிலவரம்.)

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு சான்றிதழ்கூடக் கிடையாது. அந்தக் குறை தீரத்தான், மேற்குத் தாம்பரத்தில் பெரியவர்களுக்கென்று நடந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஐம்பத்தெட்டு வயதில் சேர்ந்தேன். கடைசி நாளில் ஆளுக்கொரு கடிதம் அடித்து, பிரின்ட் எடுத்துக் காட்டினால் சான்றிதழ். அடித்ததை 'சேவ்' செய்வது எப்படி என்று முடித்தபிறகு சொல்லித் தருவதாக வசந்தா மிஸ் சொல்லியிருந்தார்.

இரண்டு மணி நேரத்தில் நான் ஆறு வரி. பக்கத்தில் ரிடையர்டு குமாஸ்தா சாமுவேல் இரண்டு பக்கம்.

திடீரென்று கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, ஃபேன் நின்றது. ஆனால் ஜன்னல் சாத்திய அந்த இருட்டில் வகுப்பிலிருந்த ஐந்து கம்ப்யூட்டர் திரைகளும் எரிந்துகொண்டிருந்தன! என் ஆறு வரியும் நட்சத்திரமாக மின்னியது. முப்பது வருடம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். கரண்ட் போன பிறகும் எரிவதை அன்றுதான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்து, கும்பிடக் கை எழுந்தது.

அப்போதுதான் மூலையில் ஒரு பெட்டி 'கீங் கீங்' என்று கத்தியது. என் தொழில் மூளை விழித்துக்கொண்டது. (வினையே அதுதான்.)

"இங்கேர்ந்து வெளிக் கம்பிக்கு ரிட்டர்ன் கரண்ட் போவுது! கம்பத்துல ஏறுன லைன்மேன் செத்துடுவான்!" என்று அலறி, பாய்ந்துபோய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன்.

ஐந்து திரைகளும் கண்ணை மூடின.

"யோவ் மோட்டாரு, இன்னாய்யா பண்ணிட்ட?" சாமுவேலின் குரல் உடைந்தது. "ரெண்டு பக்கம்யா!"

"ஒரு உசுரக் காப்பாத்தினேன்."

"சார், அது பேட்டரிப் பெட்டி," என்றார் மிஸ். "கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் அணையாம இருக்கத்தான் வச்சிருக்கோம்."

லைன்மேனுக்குப் பதில் நான் செத்தேன்.

கரண்ட் வந்ததும் எல்லோரும் முதலிலிருந்து அடித்தோம். அதிசயம் பாருங்கள், சாமுவேல் முக்கால் மணியில் முடித்துவிட்டார். நான் இருபதே நிமிடம்!

"போனா திரும்ப அடிச்சுக்கலாம்னு தைரியம் வந்துடுச்சு," என்று மிஸ் வியந்தார். "ஒரு மாசமா என்னால அதச் சொல்லித்தர முடியல சார்."

"அவரப் புகழாதீங்க மிஸ்," என்றார் சாமுவேல். "அடுத்த பேட்சுக்கும் வந்துடப் போறாரு."

சான்றிதழ் கிடைத்தது, கூடவே கெட்ட பெயரும். இன்றைக்கும் கரண்ட் போனால் எங்கள் வீட்டில் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. "மொதல்ல அவரப் புடிங்க!" என்று கத்துகிறாள் என் மனைவி.