காலுக்குள் பவளம்

அன்று டாக்டரம்மாவின் அறையில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சரசு, அவள் தம்பி பழனிச்சாமி, டாக்டரம்மா. அப்புறம், அடுத்த மாதம் என் மகளை நிச்சயம் செய்யவிருந்த மாப்பிள்ளையின் அம்மா. (ஆரஞ்சுப் பையோடு நலம் விசாரிக்க வந்தவர். அவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை!)

நான் எட்டாவதோடு நின்றவன். படிப்பில் விட்டதையெல்லாம் கவலைப்படுவதில் பிடித்துவிட்டேன். வடகரப்பதியில் மொபெட்டோடு வாய்க்காலுக்குள் பாய்ந்ததில் கால் எலும்பு நொறுங்கி, பாலக்காட்டில் ஆபரேஷன் நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பெருமையாகக் காட்டினார்.

"எலும்பு போன இடத்துல பவளப்பாறையில செஞ்ச துண்டு வெச்சிருக்கேன். தேன்கூடு மாதிரி ஓட்டையா இருக்கும். அதுக்குள்ள உங்க எலும்பே வளர்ந்து வருது."

பவளம் என்றதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. என் ஜாதகத்துக்குப் பவளம் ஆகாது, உடம்பில் பட்டால் வீட்டில் நல்ல காரியம் நின்றுபோகும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். விரலில் போட்டாலே அப்படியென்றால், எலும்புக்குள்?

"அதைத் தோண்டி எடுத்துருங்கம்மா!"

"ஏனுங்க, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றாள் சரசு.

"காலு போனாப் போவுது. புள்ள கல்யாணம் நிக்கக்கூடாது!"

ஜோசியர் சொன்னதை நான் சொல்லக் கேட்ட பழனிச்சாமி, "இருங்க மாமா, அவரையே கேட்டுப்போடலாம்" என்று ஜோசியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பவளமுங்களா? எந்த வெரல்லீங்க?"

"கெண்டைக்காலுக்குள்ளீங்க!" என்று அலறினேன்.

போனில் ஏடு புரட்டும் சத்தம் கேட்டது. "மோதிரத்துக்குத்தானுங்க நான் சொன்னது. உள்ள வெச்சா என்னாகும்னு எங்க நூல்ல இல்லீங்களே."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, மலையாளம் கலந்து, "பேடிக்கண்டா, பயப்படாதீங்க. இப்ப எது பவளம், எது உங்க எலும்புன்னு பிரிக்க எனக்கே முடியாது" என்றார்.

சம்பந்தம் இதோடு முடிந்தது என்று நினைத்து மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகை அல்ல, சிரிப்பு.

"புள்ளைக்காகக் காலையே தோண்டச் சொல்ற சம்பந்தி எங்களுக்கு வேற எங்கீங்க கெடைப்பாங்க? நிச்சயத்தை வர்ற வாரமே வெச்சுக்கலாமுங்க. இவரு வேற எதையாச்சும் தோண்டச் சொல்றதுக்குள்ள!"

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. கால் நன்றாக இருக்கிறது. ஆனால் நாங்கள் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், சரசு நகையையெல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் நிற்கும் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"எல்லாத்தையும் உள்ள வெச்சாச்சுங்க. உங்க காலு மட்டுந்தான் வெளிய நிக்குது."