மொட்டையடித்த மருமகனும் பேசாத படமும்

உடன்குடி
புரட்டாசி 20

அன்புமிக்க மச்சான் மகாராஜன் அவர்களுக்கு, உங்கள் தங்கை செல்லத்தாயின் வீட்டுக்காரன் வீரபாகு எழுதுவது. இங்கே யாவரும் சுகம். தூத்துக்குடியில் அக்காவும் உங்கள் மகள் உமாராணியும் சுகமாயிருக்க முத்தாரம்மன் துணை. நீங்கள் என் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று: என் மகன் முத்துக்குமரன் சாமியாராகவில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து புத்தர் வாழ்க்கையை ஊமைப் படமாக எடுக்கிறான். அவன் புத்தர், நான் தகப்பன் ராஜா. செல்லத்தாயின் கல்யாணப் பட்டுதான் எனக்குச் சால்வை. பிச்சை வாங்கும் காட்சியை, யாருக்கும் தெரியாமல், எங்கள் கடைத்தெரு மாடியொன்றிலிருந்து எடுத்தார்கள். இதுவோ முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டவர்கள் காளியாகவும் குரங்காகவும் வேஷம் கட்டிக் காணிக்கை வாங்கும் நேரம். மொட்டையும் காவியும் திருவோடுமாக நின்றவனையும் நேர்ச்சை வேஷம் என்றே ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். கருப்பட்டிக் கடை இசக்கிசெல்வி ஒரு படி அரிசியைப் போட்டு, "சாமி, எம் மவனுக்கு எப்பம் கல்யாணம் கூடும்? ஒரு வாக்கு சொல்லும்" என்றிருக்கிறாள். என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாதென்பது படத்தின் சட்டம். இவன் சிரித்து வைத்தான். அன்று சாயங்காலமே அவள் மகனுக்குச் சம்பந்தம் அமைந்துவிட, மறுநாள் காலை என் வாசலில் வரிசை. "சாமி பேசாதாம் அண்ணாச்சி, சிரிச்சாப் போதுமாம்" என்று ஒருத்தி எனக்கே விளக்குகிறாள். அதை யாரோ செல்போனில் பிடித்து அனுப்ப, அது உங்களுக்கும் வர, "சாமியாருக்கு எம் பொண்ணக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டீர்கள்.

மச்சான், வீட்டில் அவன் வாய் ஓய்வதே இல்லை. புத்தர் நேற்றுகூடச் சீலா மீன் துண்டு சிறிதென்று அம்மாவோடு சண்டை போட்டார். பஸ்ஸில் சாமியின் அப்பா என்று எனக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பொய் சொல்வானேன், அது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசிவைத்த கல்யாணம் நின்றால் செல்லத்தாய் தாங்கமாட்டாள், நானும்தான். அவன் வீட்டைவிட்டுப் போகிறவன் இல்லை. வாசற்படி தாண்டவே சோம்பல். எங்கும் போகமாட்டான், அதற்கு நான் பொறுப்பு.

கடிதத்தையும் கருப்பட்டியையும் நாளை தூத்துக்குடிக்கு வரும் பக்கத்துக் கடை மூஸா நெய்னா கொண்டுவருவார். அக்காவுக்கு வணக்கம், உமாராணிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
வீரபாகு

பின்குறிப்பு: மூஸா நெய்னா வரவில்லை. முத்துக்குமரன் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டான். பையோடு வாசலில் நிற்கிறான். "தொப்பி வச்சு மொட்டைய மறைக்காம வாங்க, அப்பாட்ட நேர்ல கேளுங்க" என்று உமாராணிதான் போன் செய்தாளாம். எனவே இந்தக் கடிதத்தை உங்களிடம் நீட்டுகிற மொட்டைத்தலையன் அவனே. உங்களைக் கண்டால் பயத்தில் பேச்சு வராது, சிரிப்பான். அரிசி போட்டு அனுப்பிவிடாதீர்கள். பெண் கேட்கிறான்.