எம்.பி. வீட்டுக்குப் போன பாற்சோறு

யாழ்ப்பாணத்தான் பல்லுப் பிடுங்கப் போனாலும் டொக்டருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோவான். வெறுங்கையோடு இன்னொருவர் வீட்டுப் படியேற எங்களுக்குக் கால் வராது. இந்த நல்ல பழக்கத்தால் மட்டக்குளியில் ஒரு குடும்பத்தையே பட்டினி போட்டவன் நான்.

அப்போது நான் கொழும்பில், வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த இளம் கிளாக்கர். பின்னேரங்களில் மட்டக்குளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பேன். (சம்பளம் கிடையாது. தலைக்கனம் மட்டும் தாராளம்.) அரசாங்கம் கிழமைக்குக் கிழமை மலிவாகக் கொடுக்கும் கூப்பன் அரிசியை வெட்டப் போகிறது, பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு என்று செய்தி வந்தது. என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய் பிலோமினா அக்கா பதறிப்போனா. புருஷன் வள்ளத்துக்குப் போகிறவர். கடல் பொய்த்த கிழமைகளில் அந்த வீட்டில் கூப்பன் அரிசிதான் சோறு.

"நீங்க படிச்சவர் தம்பி, எம்.பி.யிட்ட நீங்களே கதைங்க. நானும் வாறன்."

"ஓம் அக்கா. ஆனா வெறுங்கையோட போகேலாது. ஏதாவது கொண்டு வாங்கோ."

நான் நினைத்தது வாழைப்பழத்தை.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் காலை அக்கா வெள்ளைத் துணி மூடிய தட்டத்தோடு வந்தா. பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்த நான் அதில் என்ன என்று கேட்கவில்லை.

எம்.பி. தன் வீட்டு விறாந்தைக்கு மணிக்கூட்டைப் பார்த்தபடி வந்தார். வெளியே அவருடைய கார் ஸ்டார்ட்டில் நின்றது. வாயைத் திறந்தேன். "சேர்..." அவ்வளவுதான், பாடமாக்கியது எல்லாம் பறந்துவிட்டது. எம்.பி. வாசலை நோக்கித் திரும்பினார்.

அக்கா துணியை விலக்கினா. பாற்சோறு! அழகாகத் துண்டு போட்டு, பக்கத்தில் உறைப்பான கட்டச்சம்பல்.

"ஷா, கிரிபத்!" என்று பாற்சோற்றைச் சிங்களத்தில் பெயர் சொல்லி அழைத்தபடி எம்.பி. உட்கார்ந்துவிட்டார். காரை நிறுத்தச் சொன்னார். என்னையும் சாப்பிடச் சொன்னார். காலையில் தேத்தண்ணியும் குடிக்காமல் வந்த எனக்குச் சொல்ல வேண்டுமா? வெட்டு வெட்டென்று வெட்டினேன். வயிறு நிறைய, பேச்சும் திரும்பி வந்தது.

"சேர், சனம் பட்டினி கிடக்கப் போகுது" என்றேன், வாய் நிறையப் பாற்சோற்றோடு.

அவர் தட்டத்தைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். "இப்படிப் பாற்சோறு ஆக்கிற வீட்டில என்ன பட்டினி?"

எனக்கு உயிர் போய்விட்டது. காரியத்தை நானே கெடுத்துவிட்டேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அக்காதான் சிங்களத்தில் பதில் சொன்னா, குரலை உயர்த்தாமல். "இது இந்தக் கிழமைக் கூப்பன் அரிசி மாத்தயா. உங்கட வீட்டுக்குக் கொஞ்சமா கொண்டுவர ஏலுமா? எல்லாத்தையும் போட்டு ஆக்கிட்டேன். பிள்ளைகளுக்கு இனி வாற கிழமைதான் சோறு. நீங்க சாப்பிடுங்க."

எம்.பி. கையிலிருந்த துண்டைத் திரும்ப வைத்தார். நானும் வைத்தேன். (என்னுடையது கடித்த துண்டு.) கடைசியில் அவர் எழும்பி, எங்கள் முகத்தைப் பார்க்காமலே, "நான் கதைக்கிறேன்" என்றார்.

கதைத்தார். எதிர்த்தும் வாக்களித்தார். ஆனாலும் அரிசியை வெட்டிவிட்டார்கள்.

எம்.பி. வீட்டுக்குப் போன அன்று பின்னேரமே நான் கடையில் அரிசி வாங்கி, பஸ் ஏறி மட்டக்குளிக்கு ஓடினேன். அக்கா அதை வாங்கி உலையில் போட்டுவிட்டுக் கேட்டா: "சாப்பிட்டுட்டுத்தானே தம்பி போவீங்க?" செருப்பையும் சரியாகப் போடாமல் ஓடிவந்துவிட்டேன்.

இந்தக் கதையை ஒருநாள் மனைவியிடம் உளறித் தொலைத்தேன். இப்போதும் விருந்து வீட்டில் யாராவது தட்டத்தை நீட்டினால் அவ என் காதில் கேட்பா: "ஆரின்ர பிள்ளையின்ர சோறெண்டு கேட்டனீங்களோ?" மகளும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு மட்டும் நீட்டிய கை பாதி வழியில் நின்றுவிடும்.