பாசி பிடித்த படிப்பு

அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். என் மகளும் சௌக்கியம்தான், என்னைத்தான் அசௌக்கியப்படுத்துகிறாள்.

பள்ளி இறுதி வகுப்புக்கு வந்துவிட்டாள் அல்லவா, கல்லூரியில் நாலு வருஷமும் என்ன படிப்பது என்று யோசித்து எழுதிவரும்படி டீச்சர் ஒரு தாள் கொடுத்தனுப்பினார். தாள் அவளுக்கு, யோசித்தது நான். இருபத்தாறு வருஷமாக பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவன் சும்மா இருப்பேனா? புள்ளியியலில் புறப்பட்டு, எட்டுப் பருவம், எந்த வாரம் என்ன பாடம், எங்கே பத்து நிமிஷம் ஓய்வு என்று நாலு வண்ணத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். நின்று படித்தாள். "அப்பா, நான் பஸ் இல்லப்பா" என்றாள். அவள் அம்மா, "இதுல பிள்ளை எப்ப சாப்பிடும்?" என்று கேட்டாள்.

போன சனிக்கிழமை கல்லூரியைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போட்ட ஒருவரைப் பேராசிரியர் என்று பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் என் திட்டத்தை விளக்கினேன், அவரும் பொறுமையாகத் தலையாட்டினார், கடைசியில், "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா நான் குழாய் ரிப்பேர் பாக்க வந்தவன். உங்க பொண்ணு அந்த மைக்ராஸ்கோப்ப விட்டு நகரவே இல்ல, அதப் போய்ப் பாருங்க" என்றார். போனேன்.

"அப்பா, எனக்குப் பாசி பிடிச்சிருக்கு."

"எங்கம்மா, கால்லயா?" என்று குனிந்து வேறு பார்த்துத் தொலைத்தேன்.

"ஐயோ, படிக்கப்பா! நாலு வருஷமும் இதத்தான் பாக்கணும்."

திட்ட வாயெடுத்தேன், வரவில்லை அக்கா. என்னைக் கல்லூரியில் சேர்க்க நீ கூட்டிப்போன நாள் கண்முன்னால் வந்து நின்றுவிட்டது. ஒரே குடையில் பாதி நனைந்து போனோமே. நான் வரலாறு என்று சொல்லத் தொண்டையைச் செருமுவதற்குள் நீ, "கணக்குன்னு எழுதிக்குங்க, அந்த வரிசைதான் சின்னதா இருக்கு" என்று முடித்துவிட்டாய். வெளியே வந்து கைக்குட்டையால் என் தலையைத் துவட்டி, "நீயாவது உள்ள போடா" என்றாய். பிறகு அந்த வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாய். அப்போது உனக்குப் பத்தொன்பது வயசு. உள்ளே போயிருக்க வேண்டியவள் நீயும்தான் என்பது இந்த மண்டைக்கு உறைக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனாலும் பாசியை வைத்துப் பிழைக்க முடியுமா? நீ சொன்னால் கேட்பாள். போனில் கண்டிப்பாகச் சொல்லிவிடு: புள்ளியியல்தான், மறுபேச்சே கிடையாது.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உன் முட்டிவலி இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் ஓடிப்போகட்டும்.

சொன்ன பேச்சுக் கேட்கும்
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் ஒரு நகலை நீட்டினாள். விண்ணப்பம் பத்து நாளைக்கு முன்னாலேயே போய்விட்டதாம். தாவரவியல். ஒரு மாசமாக நீயும் அவளும் போனில் பேசிப் பேசி எடுத்த முடிவாமே! 'பெற்றோர் சம்மதம்' என்ற இடத்தில் என் கையெழுத்தே இருக்கிறது. காலையில் வேலைக்கு ஓடுகிற ஓட்டத்தில் நீட்டியிருக்கிறாள், படிக்காமலே போட்டிருக்கிறேன். ஆகவே மேலே எழுதிய எதைப் பற்றியும் அவளிடம் மூச்சு விடாதே. நகலில் அந்தக் கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. முழுசாகப் படித்துவிட்டு, நிதானமாக இன்னொரு தரம் போட்டேன்.