ஒரு பெட்டிக்குள் இரண்டு கர்னல்

பிறப்புக்கும் இறப்புக்கும் சான்றிதழ் கொடுக்கிற அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றே ஒன்றுதான். பிறப்பு வேலைக்குப் பெட்டியை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருளில் பழையதுதான் ஒத்துவரும், இறப்பு வேலைக்குப் புதுசு வேண்டும். இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி. ஒன்று எழுந்தால் மற்றது படுத்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற ஒயர்காரர் ஒரு வழி கண்டார். பெட்டிக்குள்ளேயே இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள், எல்லாம் பாவனைதான். ஆளுக்கொரு லினக்ஸ், அதை உள்ளிருந்து ஆட்டிவைக்கிற கர்னலும் ஆளுக்கொன்று. தனிக்குடித்தனம் வைத்ததும் சண்டை ஓய்ந்தது. மனிதருக்குச் சொந்த அவசரமும் இருந்தது. மகளைப் பள்ளியில் சேர்க்க இன்னும் இரண்டே நாள்தான். பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

முறைப்படி மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லப் போனார். அங்கேதான் சனி பிடித்தது.

"உள்ள ரெண்டு கர்னல் ஓடுது சார்."

மேலதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "ராணுவத்துலேருந்தா? முன்னாடியே சொல்றதில்லையாய்யா?"

"ராணுவம் இல்ல சார், லினக்ஸ் கர்னல்."

"எந்தப் படையா இருந்தா என்ன? ரெண்டு பேர்ல யாரு சீனியர்?"

"பிறப்பு பாக்கறதுதான் சார். வெர்ஷன் அஞ்சு புள்ளி எட்டு."

"ஐம்பத்தெட்டா!" மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். "ஓய்வு வயசுலயும் வேலை வாங்கறோமே, பாவிகளா!"

"சார், நடுவுல ஒரு புள்ளி..."

"புள்ளியெல்லாம் பார்த்தா நிர்வாகம் நடக்குமா?"

அன்று மாலையே, 'அன்னாரின் தன்னலமற்ற சேவையைப் பாராட்டி' பிரிவுபசார விழா. டீயும் பிஸ்கட்டும் கிடைத்ததால் வரிசையில் நின்ற பொதுமக்களும் பலமாகக் கைதட்டினார்கள். உத்தரவுப்படி ஒயர்காரர் கர்னலை அணைத்தார். கட்டி அணைக்கிறார் என்று நினைத்து மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு அந்த ஊரில் யாரும் பிறக்க வழியில்லாமல் போயிற்று. சாவதற்கு மட்டும் தடையில்லை.

சான்றிதழ் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மாவுக்கு, ஒயர்காரர் தவிப்பதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "அண்ணே, இறப்புன்னா இப்பவே போட்டுத் தரேன். அந்தக் கர்னல் இளசு, சும்மாதான் உக்காந்திருக்கு. அதுலயும் பிறந்த தேதி வருமில்ல?"

"வாயக் கழுவும்மா! பொண்ணு வாசல்ல விளையாடிட்டிருக்கா!"

"விளையாடட்டும். யாரு வேண்டாங்கறா?"

வேறு வழி? வாங்கிக்கொண்டு போனார். பள்ளி அலுவலர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சீல் இருந்தது, பிறந்த தேதி இருந்தது. "இறந்த தேதியும் இருக்கே. இப்படி முழு விவரத்தோட யாரு சார் தராங்க?" என்று மெச்சி, எதிரே நின்ற குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்.

சேதி பரவி, மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது.

"ஏம்மா, அவர் பொண்ணுக்கு மட்டும்தானா? எங்க பையனுக்கும் ஒரு சாவு போடுங்க. போடறதுதான் போடறீங்க, நல்ல நாளாப் பார்த்துப் போடுங்க!"