பக்கத்து சீட்டு

பெற்ற குழந்தையை "என் குழந்தை" என்று சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு நான்கு விநாடி ஆயிற்று. அவ்வளவு யோசித்தும் தப்பான பதிலைத்தான் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியவில்லை. (முதுகலை வேதியியல் படித்தவள். வாய்மொழித் தேர்வில்கூட இப்படி உளறியதில்லை.)

கொரோனா வந்த முதல் வருடத்தின் கடைசி. எங்கள் மகள் ஜானுவுக்கு அப்போது இரண்டரை வயது. பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் இரண்டாவது மாடி வீட்டுக்குள்ளேயே ஒன்பது மாதம் இருந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்த மனிதர்கள் மொத்தம் மூன்று பேர்: நான், அவள் அப்பா, அதே ஊரில் உப்பளம் பகுதியில் இருக்கும் தாத்தா, அதாவது என் மாமனார். அந்தத் தாத்தாவும் தொலைபேசிக் குரல்தான். பால்காரர் மணி அடித்தால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வாள். ஒருநாள் கீழ்வீட்டுப் பையன் ஒரு பலூனை நீட்ட, கத்தியைக் காட்டியதுபோல் அலறினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. "தொடாத, கிட்டப் போவாத, தள்ளி நில்லு" என்று நாள் முழுக்க அவளுக்குப் பாடம் நடத்தியது நான்தானே?

"இவ மனுஷங்களப் பாக்கணும்ங்க. இல்லன்னா இப்படியே ஆயிடுவா" என்றேன் கணவரிடம்.

அவர் அதற்காகவே காத்திருந்தவர்போல் அன்று மாலையே சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டார். மூன்று நாள் ஊர் சுற்றல். மறுநாள் நான் காலையில் வேண்டாம் என்றேன், மதியம் போகலாம் என்றேன், விளக்கு வைத்ததும் மறுபடி வேண்டாம் என்றேன். "நீ முடிவு பண்றதுக்குள்ள தடுப்பூசியே வந்துடும் வனி" என்றார்.

போவது என்று ஆனதும் கடமையில் இறங்கினேன். முகக்கவசம் இரண்டு டஜன். கபசுரக் குடிநீர் ஒரு ஃபிளாஸ்க். சானிடைசர் போட்டுப் போட்டு என் கைரேகை அழிந்துவிட்டதா என்று ஒருநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். (இருந்தது. ஆனால் மங்கலாக இருந்ததுபோல் தோன்றியது.)

மாமனார் பங்குக்கு அவரும் ஒன்று செய்தார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்ஸில் இருக்கும் மூத்த மகன், தெருவில் இறங்குவதற்கே 'அத்தெஸ்தாசியோன்' என்று ஒரு சான்றுத் தாள் எழுதி எடுத்துப் போக வேண்டியிருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருந்தார். உடனே இவரும் பிரெஞ்சில் ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கேட் வழியாக நீட்டினார்.

"யாராச்சும் ஏதாச்சும் கேட்டா இத காட்டும்மா. அப்பறம் வாயத் தொறக்க மாட்டான்."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. அந்த நாட்களில் யாருக்கு போன் போட்டாலும் மணி அடிப்பதற்கு முன் ஒருவர் இருமுவாரே, பிறகு ஒரு பெண்குரல் கொரோனா பற்றி எச்சரிக்குமே, ஞாபகம் இருக்கிறதா? தினமும் தாத்தாவுக்கு போன் போடும்போது ஜானுவின் காதில்தான் அதை வைப்போம். பெரியவர்கள் போனில் பேசுவதற்கு முன் இருமிக்கொள்வது மரியாதை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். சோப்பு டப்பாவைக் காதில் வைத்தாலும் முதலில் இருமல், பிறகுதான் "அலோ தாத்தா". நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். போனில் இருமல் நின்றுபோன பிறகும் அவள் நிறுத்தவில்லை.

சென்னை விமான நிலையத்தில் எல்லாருக்கும் முகத்துக்கு முன் தொங்கும் கண்ணாடித் தாள் கொடுத்தார்கள். நடு இருக்கைக்காரர்களுக்குக் கூடுதலாக வெள்ளை அங்கி. நடு இருக்கை எனக்கு. இரட்டை முகக்கவசம், கண்ணாடித் தாள், கழுத்திலிருந்து கணுக்கால்வரை அங்கி என்று, பார்சல் கட்டி அனுப்பத் தயாராக இருந்தேன். பாதுகாப்புச் சோதனையில் கபசுரக் குடிநீரை உள்ளே விட மாட்டோம் என்றதால், கொட்ட மனமில்லாமல் ஃபிளாஸ்க் முழுவதையும் நானே குடித்திருந்தேன். மிளகும் திப்பிலியும் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தன.

ஆனால் அதிசயம் நடந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த ஜானு பயப்படவில்லை. இருக்கைகளின் இடைவெளி வழியாகப் பின்வரிசைப் பெண்ணுக்குக் கை ஆட்டினாள். அந்தப் பெண்ணும் ஆட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கண்ணாடித் தாளுக்குள் துடைக்க முடியவில்லை.)

அப்போது மாமனார் போன் செய்தார். "பொன் வொயாஜ், நல்லபடியா போய்ட்டு வாங்க! கொழந்தைகிட்ட குடு, ஒரு வார்த்த பேசறேன்." கணவர் என்னைத் தாண்டி போனை ஜானுவிடம் நீட்டினார்.

இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, முகக்கவசத்தை இறக்கிவிட்டு, வயிற்றிலிருந்து எடுத்து இருமினாள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு. பீடி குடித்தே கெட்டுப்போன நெஞ்சிலிருந்து வருவதுபோன்ற இருமல்.

முன்வரிசைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கை ஆட்டிய பெண் கையை மடியில் வைத்துக்கொண்டார். பணிப்பெண் வேகமாக வந்தார்.

"மேடம், இது யாரு கொழந்த?"

நான்கு விநாடி.

"அவரோடது" என்று கணவரைக் காட்டினேன்.

"அப்ப நீங்க?"

"நான் பக்கத்து சீட்டு."

கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். கல்யாண ஆல்பத்தில்கூட அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மூன்று பேரையும் கதவுக்கு வெளியே அழைத்துப் போனார்கள். போனுக்காக இருமினாள் என்று கணவர் விளக்கினார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. வெப்பமானி வைத்திருந்த ஊழியர் ஜானுவின் நெற்றியில் காட்டினார்: சரி. கணவர்: சரி. என் நெற்றியில் காட்டியதும் அது கீச்சென்று கத்தியது.

"சார், நீங்களும் பாப்பாவும் உள்ள போங்க. இந்த மேடம் மட்டும் நிக்கட்டும்."

"ஐயோ, நான் அம்மாங்க!"

"இப்பதான பக்கத்து சீட்டுன்னீங்க?" என்றார் பணிப்பெண்.

"பயத்துல சொல்லிட்டேங்க. இருங்க, என்கிட்ட லெட்டர் இருக்கு!"

மாமனாரின் அத்தெஸ்தாசியோனை எடுத்து நீட்டினேன். ஊழியர் நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன பாஷை?"

"பிரெஞ்சு. நாங்க பாண்டிச்சேரி."

"அதுக்கு?"

கணவர் எட்டிப் பார்த்து, "இவங்கதான் அம்மான்னு எங்கப்பா தெளிவா எழுதியிருக்காரு சார்" என்றார். "நீங்களே படிச்சு நீங்களே சொன்னா எப்படி சார்?" என்றார் ஊழியர். பிறகு ஜானுவின் முன் குனிந்தார்.

"பாப்பா, இது யாரு?"

ஜானு என் கண்ணாடித் தாளைப் பார்த்தாள், அங்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பக்கத்து சீட்டு" என்றாள்.

அடையாளம் தெரியாமல் சொன்னாளா, நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாளா, தெரியாது. எல்லாவற்றையும் கழற்றிக் கீழே போட்டேன். "அம்மா!" என்று காலைக் கட்டிக்கொண்டாள். ஊழியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

என்னை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று கணவர் சொல்லிவிட்டார். அங்கி இல்லாமல் மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் நின்றதும் என் சூடு இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள்.

எங்கள் நகர உலா, இறக்கிய பெட்டிகள் கைக்கு வரும்வரை, சென்னை விமான நிலையத்து நாற்காலியில் மூன்று மணி நேரம் நடந்தது. ஹைதராபாத் ஓட்டலில் சாப்பிடக் கட்டிய புளிச்சோற்றை அங்கேயே தின்றோம். ஜானுவுக்கு மட்டும் திருவிழா. தரை பெருக்குகிறவர், பெட்டி தள்ளுகிறவர், துப்பாக்கி வைத்திருந்தவர் என்று ஒருவர் விடாமல் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட நேரமில்லாமல், அவள் யாரை, எதைத் தொடுகிறாள் என்று சானிடைசரோடு பின்னாலேயே ஓடினேன்.

பொழுது சாய்வதற்குள் முதலியார்பேட்டைக்குத் திரும்பிவிட்டோம். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் அதுதான் பெயர். மாமனார் போன் செய்தால், "இன்னாப்பா, பக்கத்து சீட்டு இருக்குதா?" என்பார். ஜானு சுவரில் கிறுக்கினால் கணவர் என்னைக் கூப்பிட மாட்டார். "பக்கத்து சீட்டுக்காரங்க இதுல தலையிடாதீங்க" என்பார். நானும் சிரிப்பேன். எப்போதும் ஒரு விநாடி தாமதமாகத்தான் சிரிப்பேன்.

ஜானு இப்போது மூன்றாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் 'என் அம்மா' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். மூன்றாவது வரி: "எங்கள் வீட்டில் அம்மாவைப் பக்கத்து சீட்டு என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்." நோட்டை என்னிடம் காட்டிவிட்டு, "இந்தப் பேர உனக்கு யாரும்மா வெச்சாங்க?" என்று கேட்டாள். பரீட்சை முடியட்டும், சொல்றேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

பரீட்சை வெள்ளிக்கிழமை முடிகிறது. பொய் சொன்னால் அப்பாவும் தாத்தாவும் அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன். சிரித்து முடித்த பிறகு என்னை நிமிர்ந்து பார்ப்பாளே, அதற்கு என்ன செய்வது? இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: இதை எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? வியாழக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. ஒருநாளாவது ஒத்திகை பார்க்க வேண்டும்.