ராஜகிரியை நம்பி மல்லாட்டை காயவைத்த கதை

படிக்காதவன் ஊரிலேயே உட்கார்ந்து உளறினால் யாரும் கண்டுகொள்வதில்லை. நாலு ஊர் சுற்றிவிட்டு வந்து உளறினால்தான் ஆபத்து. நான் இரண்டாவது ரகம்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அப்புறம் செஞ்சியில் லாரி ஓட்டினேன். ஒரு ஆனி மாசம் கம்பத்திலிருந்து மலையேறிக் குமுளிக்கு லோடு போனது. கீழே முதுகை வேகவைக்கிற வெயில், மேலே வைப்பர் திணறுகிற மழை. டீக்கடைக்காரர் விளக்கினார்: கடலிலிருந்து வருகிற மேகம் மலை ஏற முடியாமல் சுமையை அந்தப் பக்கமே இறக்கிவிடுமாம். இந்தப் பக்கம் வருவது காலி வண்டிதானாம். லாரிக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அன்றிலிருந்து நான் வானிலை விஞ்ஞானி. (கைலி கட்டின விஞ்ஞானி.)

கல்யாணமான புதிது. புரட்டாசி மாசம். சிங்கவரத்தில் மாமனார் மல்லாட்டையைக் களத்தில் காயப் போட்டிருந்தார். (மத்த ஊர்ல நிலக்கடலைன்னு கௌரவமா சொல்வாங்க.) அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அதுதான். அடுத்த விதைப்புக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து வீட்டில் எல்லோரும் தொண்டூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. காவலுக்கு நான் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். பெண்டாட்டி மட்டும் வேண்டாம் என்றாள். (அதுக்குள்ளயே என்னைப் பத்தி விவரம் தெரிஞ்சிக்கினா.)

மத்தியானத்துக்கு மேல், செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலைக்குப் பின்னால் மேகம் எருமைக்கூட்டம் மாதிரி திரண்டது. பக்கத்துக் களத்து அஞ்சலை அக்கா ஓடிவந்து தன் மல்லாட்டையைத் தார்ப்பாய் போட்டு மூடினார்.

"இன்னா மாப்ள, வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? மூடு."

"அது இந்தப் பக்கம் வராதுக்கா. மலை தடுத்துடும்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது அந்த மலைக்குத் தெரியுமா?"

அதற்குள் மாமனார் போன். தொண்டூரிலிருந்தே கறுப்பு தெரிகிறதாம்.

"மாப்ள, மூடிட்டீங்களா?"

"பயப்படாதீங்க மாமா. மலை இருக்குது."

"மலை எப்பவுந்தான் இருக்குது. நீங்க மூடுங்க."

நான் குமுளியிலிருந்து ஆரம்பித்தேன். டீக்கடை வரைக்கும் வருவதற்குள் முதல் துளி போன் மேலேயே விழுந்தது. அந்த மேகம் ராஜகிரியில் டோல்கேட்டுக்கு நிற்கிற அளவுக்குக்கூட நிற்கவில்லை. தார்ப்பாயை விரித்தேன். காற்று உள்ளே புகுந்து அதைத் தூக்கியது. நானும் கூடவே கொஞ்ச தூரம் போனேன். எழுந்து பார்த்தால் மல்லாட்டை வரிசையாக வாய்க்காலை நோக்கி மிதந்துபோகிறது, தேர் பார்க்கப் போகிற கூட்டம் மாதிரி. அக்கா வந்து மறுமுனையைப் பிடித்ததால் பாதி மிஞ்சியது. பிடித்த நேரம் முழுக்க என்னைத் திட்டினார். இடி சத்தத்தில் எல்லாம் கேட்கவில்லை; அது என் நல்ல நேரம்.

சாயங்காலம் எல்லோரும் திரும்பினார்கள். பிளஸ் டூ படிக்கிற மச்சினிச்சிதான் எனக்குப் பாடம் எடுத்தாள். "மாமா, குமுளியில இருக்கிறது வானத்துக்கு ஒசந்து சுவராட்டம் நீளமா நிக்கிற மலை. நம்மளுது தனியா நிக்கிற பாறைக் குவியல். மேகம் சுத்திக்கினு வந்துடும். பகல்லாம் காயற பாறை காத்த சூடாக்கி மேல அனுப்பிச்சி, மேகத்த வளத்துகூட விடும்." நான் காவலுக்கு வைத்த மலையே திருடனுக்குச் சோறு போட்டு அனுப்பியிருக்கிறது.

மாமனார் திட்டவில்லை. களத்தைப் பார்த்தார். ராஜகிரியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"மலை மேல தப்பு இல்ல" என்றார்.

நனைந்ததை வேகவைத்துத் தெருவுக்கே கொடுத்தோம். ஒரு வாரத்துக்கு என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் எதையோ மென்றுகொண்டே சிரித்தார்கள்.

இப்போதும் களத்தில் கொட்டியதும் மாமனார் எனக்கு போன் போட்டு மழை வருமா என்று கேட்பார். வராது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அங்கே தார்ப்பாய் இழுபடுகிற சத்தம் கேட்கும். போன வருஷம் என் மானத்தை மீட்க முடிவு செய்தேன்.

"இன்னிக்கு கண்டிப்பா வரும் மாமா."

 அவர் மாமியாரிடம் சொல்வது போனில் கேட்டது: "மாப்ள வரும்னு சொல்றாரு."

"அப்ப உள்ள இருக்கிற ரெண்டு மூட்டையையும் அவுத்துக் கொட்டிடுங்க" என்றார் மாமியார்.

(சாயங்காலம் வரைக்கும் நல்ல வெயில்.)